மட்டையானவரைத் தூங்க விட்டுவிட்டுப் போகாதீர்கள்: மது உடலில் என்ன செய்கிறது, ஆபத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும்

அளவுக்கு மீறிக் குடித்த ஒருவர் விழுந்து கிடக்கிறார். சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "மட்டையாயிட்டான், விடு. தூங்கி எழுந்தா தெளிஞ்சுடும்." இந்தப் பேச்சை நம்பித் தனியே விட்டதால் உயிர்கள் போயிருக்கின்றன. கண்ணை மூடிப் படுத்த பிறகும் அவருடைய ரத்தத்தில் மது ஏறிக்கொண்டே இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அது ஏன் ஏறுகிறது என்று புரிந்துவிட்டால், அடுத்து செய்ய வேண்டிய ஒவ்வொன்றும் தானாகவே புரியும். அதனால் உடலுக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம். அவசரத்தில் இருப்பவர்கள் நேராக "ஆபத்தா, இல்லையா" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

வாயிலிருந்து மூளை வரை

பீர், ஒயின், விஸ்கி, வோட்கா எதுவானாலும் போதை தருவது எத்தனால் என்ற ஒரே பொருள்தான். சாப்பாடு செரித்த பிறகுதான் ரத்தத்தில் சேரும். எத்தனாலுக்கு அந்த வேலையே இல்லை. அதன் மூலக்கூறு மிகச் சிறியது, தண்ணீரில் எளிதாகக் கரைவது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையின் சுவர் வழியாகவே ரத்தத்துக்குள் போய்விடும். மீதி சிறுகுடலில் வேகமாக உறிஞ்சப்படும். குடித்த சில நிமிடங்களிலேயே அது மூளையை எட்டிவிடுகிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம்.

தவறு நடப்பது இந்த இடைவெளியில்தான். "இன்னும் ஒண்ணும் ஏறலையே" என்று அடுத்த டம்ளரை ஊற்றுவார்கள். ஏறவில்லை என்று நினைத்தது அப்போது பாதி வழியில்தான் இருக்கும். கடைசி இரண்டு டம்ளர்களை மடமடவென்று குடித்துவிட்டுப் படுத்தவரின் வயிற்றில் உறிஞ்சப்படாத மது இன்னும் கிடக்கும். அவர் படுத்திருந்தாலும் குடல் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

வயிற்றில் சாப்பாடு இருந்தால் இரைப்பையின் கீழ்வாசல் மெதுவாகத் திறக்கும். மது சிறுகுடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். வெறும் வயிற்றில் அப்படியே இறங்கி, போதை வேகமாகவும் உயரமாகவும் ஏறும். ஆனால் "நல்லா சாப்பிட்டுட்டா ஒண்ணும் பண்ணாது" என்பதை நம்பாதீர்கள். சாப்பாடு தாமதப்படுத்தும், மதுவை முறித்துவிடாது. இனிப்புக் குளிர்பானத்தில் கலந்தால் காரம் தெரியாது, எவ்வளவு உள்ளே போனது என்பதும் தெரியாது. எனர்ஜி டிரிங்கில் கலப்பது இன்னும் மோசம். அதிலுள்ள காஃபின் தூக்கக் கலக்கத்தை மட்டும் மறைக்கும். போதை அப்படியே இருக்க, தெளிவாக இருப்பதாக நினைத்து மேலும் குடிப்பார்கள்.

கல்லீரலை அவசரப்படுத்த முடியாது

ஒரு பானத்தில் எத்தனை கிராம் மது இருக்கிறது என்று கணக்குப் போடுவது எளிது. மில்லிலிட்டரைச் சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.789ஆல் பெருக்குங்கள். 40 சதவீத மது 60 மில்லி என்றால் 19 கிராம். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் 13 கிராம். 12 சதவீத ஒயின் 150 மில்லியில் 14 கிராம். "பீர்தானே" என்று சொல்பவர்கள் கவனிக்க: மூன்று பீரில் இருக்கும் மது, இரண்டு 60 மில்லி விஸ்கியில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம்.

உள்ளே போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் முறிக்க வேண்டும். மூச்சு, சிறுநீர், வியர்வை வழியாக வெளியேறுவது மிகக் குறைவு. கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் முறிக்கும். ரத்தக் கணக்கில் சொன்னால், 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும்.

50 கிலோ எடையுள்ள ஒரு பையன் 40 சதவீத மதுவை 180 மில்லி வேகமாகக் குடித்தால் உள்ளே போவது 57 கிராம். அவன் ரத்தத்தில் அளவு 100 மில்லிக்குச் சுமார் 170 மில்லிகிராம் வரை போகலாம். அது பூஜ்யத்துக்கு இறங்கச் சுமார் 11 மணி நேரம் ஆகும். நள்ளிரவில் உச்சத்தில் இருந்தவன் காலை 9 மணிக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் ரத்தத்தில் மது மிச்சம் இருக்கும். அதே எடையுள்ள பெண் அதே அளவு குடித்தால் 200ஐத் தாண்டலாம். பெண்களின் உடலில் நீரின் பங்கு சராசரியாகக் குறைவு என்பதால் அதே மது குறைந்த நீரில் கலக்கிறது. இந்தக் கணக்கு எத்தனை மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்று புரிந்துகொள்ள மட்டுமே. "இவ்வளவு குடிக்கலாம்" என்று முடிவு செய்ய இதைப் பயன்படுத்தாதீர்கள். ஆளுக்கு ஆள் எண்கள் வெகுவாக மாறும்.

கல்லீரல் எத்தனாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது, பிறகு அதை அசிட்டேட்டாக மாற்றுகிறது. நடுவில் வரும் அந்த நச்சு செல்களின் மரபுப்பொருளையே சேதப்படுத்தக்கூடியது. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என்று பட்டியல் நீளும். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது.

மூளை அணையும் வரிசை

மூளையில் செல்களை அடக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது கூட்டுகிறது. தூண்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. ஆக, மது அடிப்படையில் ஓர் அடக்கும் மருந்து. பிறகு ஏன் குடித்தவுடன் உற்சாகம் வருகிறது? முதலில் தளர்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. "இதைச் செய்யாதே" என்று தடுக்கும் பகுதி அது. தடுப்பவர் ஓய்ந்துபோனதும் கூச்சம் போகிறது, சத்தம் கூடுகிறது, துணிச்சல் வருகிறது. 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் என்ற அளவிலேயே இது நடக்கும்.

அடுத்து சிறுமூளை. நடை தள்ளாடும், நாக்கு குழறும், பார்வை இரண்டாகத் தெரியும். பிறகு நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ். அளவு வேகமாக ஏறினால் இந்தப் பகுதி பதிவதையே நிறுத்திவிடும். அப்போதும் அவர் நடப்பார், பேசுவார், சிரிப்பார். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். மறுநாள் அந்த மணி நேரங்கள் மொத்தமாகக் காணாமல் போயிருக்கும். மறந்துபோனது என்றால் யோசித்தால் வரும்; இது பதியவே இல்லை, எனவே யோசித்தாலும் வராது.

300 மில்லிகிராமை நெருங்கும்போது சுயநினைவு தப்பும். கடைசியாக முகுளம். மூச்சு, இதயத் துடிப்பு, தொண்டைக்குள் எதுவும் தவறிப்போனால் குமட்டி வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் எல்லாம் அதன் பொறுப்பு. முகுளம் அடங்கினால் மூச்சு மெதுவாகி நின்றுபோகலாம். அதற்கு முன்பே குமட்டல் அனிச்சை போய்விடுவதால், மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது நேராக மூச்சுக்குழாயில் இறங்கும். பழக்கமில்லாத, எடை குறைந்த பதின்வயது உடலில் இதெல்லாம் குறைந்த அளவிலேயே நடக்கக்கூடும்.

பதின்வயதில் கூடுதலாக என்ன?

முன்மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகும். ஹிப்போகேம்பஸும் இந்த ஆண்டுகளில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதிகமாகக் குடிக்கும் பதின்வயதினரிடம் அது சிறுத்திருப்பதை ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள். இளம் மூளைக்கு மதுவால் வரும் தூக்கமும் தள்ளாட்டமும் பெரியவர்களைவிடக் குறைவாகத் தெரியலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. "எனக்கு நல்லா தாங்கும்" என்று ஒருவர் பெருமைப்பட்டால், அவருக்கு எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கிறது என்று அர்த்தம். உள்ளே சேதம் குறையவில்லை.

ரத்தச் சர்க்கரை விஷயமும் உண்டு. கல்லீரல் மதுவை முறிப்பதில் மூழ்கியிருக்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிக்க முடியாது. சிறுவர்களின் உடலில் சேமிப்பும் குறைவு. சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கி வலிப்பே வரலாம். இன்சுலின் போடுபவர்களுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. மற்றொன்று: 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்குபவர்கள் பின்னாளில் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு, 21 வயதுக்குப் பின் தொடங்குபவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு.

ஆபத்தா, இல்லையா: ஒரு நிமிடத்தில் பார்ப்பது எப்படி

தோளைத் தட்டி, பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சதையைப் பிடித்து நன்றாகக் கிள்ளுங்கள். கையைத் தட்டிவிட்டு, கண் திறந்து, உளறலாகவாவது பேசினால் விழிப்பு இருக்கிறது. முனகல் மட்டும், அல்லது எதுவுமே இல்லை என்றால் அவர் தூங்கவில்லை, மயக்கத்தில் இருக்கிறார்.

அடுத்து மூச்சு. பக்கத்தில் மண்டியிட்டு, உங்கள் கன்னத்தை அவர் வாயருகே கொண்டுபோய், கண்ணை மார்பின் மேல் வையுங்கள். போனில் 60 விநாடி டைமர் வைத்து, மார்பு ஒவ்வொரு முறை எழும்புவதையும் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி இங்கே உதவாது. அளவு மீறிய மதுவால் உடலில் நஞ்சேறும்போது மூச்சு சீராக இல்லாமல் போகலாம். நாலைந்து மூச்சு வந்துவிட்டு நீண்ட இடைவெளி விழும், அந்த இடைவெளியை நீங்கள் தவறவிட்டுவிடுவீர்கள். வழக்கமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரும். எட்டுக்குக் கீழே இறங்கினாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடி கடந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். கரகரவென்று பெரிய குறட்டை கேட்டால் "நல்லா தூங்குறான்" என்று நினைக்காதீர்கள். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும் சத்தமாக அது இருக்கலாம்.

நிறத்தைப் பார்க்க முகத்தை நம்பாதீர்கள், தோல் கருமையாக இருந்தால் தெரியாது. உதட்டின் உட்புறம், ஈறு, நகக்கண் ஆகியவை நீலம் பாய்ந்தோ வெளிறியோ இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உடல் சில்லிட்டு ஈரமாக இருப்பது, மயக்கத்திலேயே வாந்தி எடுப்பது, வலிப்பு, தலையில் அடிபட்ட காயம்: இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். எல்லா அறிகுறிகளும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகமாக இருந்தாலும் கூப்பிடுங்கள்.

போனில் வயது, உத்தேச எடை, என்ன குடித்தார், எவ்வளவு, கடைசியாக எப்போது, கூடவே மாத்திரையோ வேறு போதைப்பொருளோ எடுத்தாரா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, சரியான இடம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பாட்டிலைத் தூக்கி எறியாமல் ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்புங்கள். "வீட்டுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க" என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது நியாயமான பயம்தான். ஆனாலும் பக்கத்திலிருக்கும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். வீட்டில் விழும் திட்டு சில நாளில் அடங்கிவிடும். மூச்சு நின்றால் மூளைக்கு இருப்பது சில நிமிடங்கள்தான்.

ஒருக்களித்துப் படுக்க வைத்தல்

மயக்கத்தில் இருக்கிறார், ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை மல்லாக்க விடாதீர்கள்.

1. பக்கவாட்டில் மண்டியிடுங்கள். கண்ணாடியைக் கழற்றி, பாக்கெட்டில் உள்ள போன், சாவியை எடுத்துவிட்டு, காலை நேராக நீட்டுங்கள்.
2. உங்கள் பக்கமுள்ள கையை உடலுக்குச் செங்கோணமாக விரித்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள்.
3. மறுபக்கக் கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை உங்கள் பக்கமுள்ள அவருடைய கன்னத்தில் படும்படி அணைத்துப் பிடியுங்கள். விட்டுவிடாதீர்கள், உருளும்போது தலையைத் தாங்கப்போவது இந்தக் கைதான்.
4. உங்கள் மற்றொரு கையால் மறுபக்க முழங்காலை மேலே மடக்குங்கள், பாதம் தரையில் படட்டும்.
5. அந்த முழங்காலை உங்கள் பக்கமாக இழுங்கள். உடல் தானாக உருண்டு வரும். கனமானவரையும் ஒருவரே புரட்டிவிட முடிவது இதனால்தான்.
6. மேலே இருக்கும் காலை இடுப்பிலும் முழங்காலிலும் செங்கோணமாக வையுங்கள். அது முட்டுக்கொடுக்காவிட்டால் குப்புறச் சாய்ந்துவிடுவார்.
7. தலையை மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்து, வாய் சற்றே தரையைப் பார்க்கும்படி திருப்புங்கள். வாந்தி வந்தால் வெளியே வழியும்.

பிறகு அங்கேயே உட்காருங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சை எண்ணுங்கள். மேலே போர்த்தினால் மட்டும் போதாது; கீழேயும் ஏதாவது விரியுங்கள், குளிர்ந்த தரை உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். மது தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பதால் கதகதப்பாகத் தோன்றும், ஆனால் உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். வலிப்பு வந்தால் அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். இடிக்கக்கூடிய பொருள்களை நகர்த்திவிட்டு, நின்றதும் ஒருக்களித்து வையுங்கள்.

மூச்சு நின்றுவிட்டாலோ, எப்போதாவது ஒரு திணறல் மட்டும் வந்தாலோ மல்லாக்கப் புரட்டுங்கள். மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 செ.மீ ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பயிற்சி பெற்றவர் என்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுங்கள். இல்லையென்றால் உதவி வரும்வரை அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.

செய்யக் கூடாதவை

குளிர்ந்த நீரை ஊற்றினால் போதை இறங்காது. ஏற்கெனவே சூடு இழக்கும் உடல் இன்னும் குளிர்ந்துபோகும், வழுக்கி விழுந்து மண்டை உடையும். காபி கொடுத்தால் கல்லீரல் வேகமாக வேலை செய்யாது. பிடித்து நடக்கவைப்பதும் அப்படித்தான். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது மிக ஆபத்து. குமட்டல் அனிச்சை இல்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். முழு விழிப்பு இல்லாதவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். விழிப்பாக உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கலாம்.

தலைவலிக்கென்று மாத்திரை தருவதில் எச்சரிக்கை தேவை. அதிகமாகக் குடிப்பவரின் கல்லீரலில் பாராசிட்டமால் கூடுதல் நச்சை உண்டாக்கலாம். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ஏற்கெனவே புண்பட்ட இரைப்பையில் ரத்தக்கசிவை ஏற்படுத்தலாம். தூக்க மாத்திரை, சில இருமல் மருந்துகள், வலிப்பு மருந்துகள், வீரியமான வலி மருந்துகள் மதுவோடு சேர்ந்து மூச்சை அடக்கும்.

குடிக்கக் கூப்பிட்டால்

நீண்ட விளக்கம் வேண்டாம். விளக்கம் கொடுத்தால் அதற்குப் பதில் வாதம் வரும். "எனக்கு வேண்டாம்டா" என்று ஒருமுறை, அதே சொல்லில் மறுமுறை. கையில் நீங்களே ஊற்றிக்கொண்ட தண்ணீரோ ஜூஸோ இருக்கட்டும், அதைக் கீழே வைத்துவிட்டுப் போகாதீர்கள். எப்படித் திரும்பிப் போவது என்பதை வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். குடித்தவர் ஓட்டும் வண்டியில், அவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், ஏறாதீர்கள்.

மறுநாள் கவனிக்க வேண்டியவை

தலைவலி, தாகம், வயிற்றெரிச்சல், சோர்வு வரும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்ற ஹார்மோனை மது அடக்குவதால் குடித்த நீரைவிட அதிகம் வெளியேறியிருக்கும். இரவின் பின்பாதியில் தூக்கமும் கலைந்திருக்கும். தண்ணீர், லேசான உணவு, ஓய்வு போதும். "மறுபடி கொஞ்சம் குடித்தால் சரியாகும்" என்பது அதே நச்சை இன்னும் சேர்ப்பதுதான்.

வாந்தியில் ரத்தம் அல்லது காபித்தூள் போன்ற கருப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருப்பது ஆகியவை மருத்துவமனைக்கான அறிகுறிகள். போதையில் விழுந்தவரின் மூளைக்குள் ரத்தக்கசிவு இருந்தால் "மப்பு இன்னும் இறங்கல" என்று எல்லோரும் ஏமாந்துவிடுவார்கள்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாராயமாக இருந்தால் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்திருக்கலாம். நிறத்திலோ வாசனையிலோ கண்டுபிடிக்க முடியாது. உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற நேரம் எடுப்பதால், முதலில் சாதாரணப் போதை போலத்தான் இருக்கும். 12 முதல் 24 மணி நேரம் கழித்து, சில சமயம் அதற்கும் பிறகு, வயிற்றுவலி, வேகமான மூச்சு, பனிப்புகைக்குள் பார்ப்பது போல மங்கும் கண் என்று தொடங்கும். பார்வை மங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். நஞ்சை முறிக்கும் மருந்தும் டயாலிசிஸும் உண்டு, சீக்கிரம் போனால் கண்ணையும் உயிரையும் காப்பாற்றலாம். அதே பாட்டிலில் குடித்த மற்றவர்கள் நலமாகத் தெரிந்தாலும் அவர்களையும் கூடவே அழைத்துப் போங்கள்.